டைல்ஸில் போட்டோ, தலையில் லைட்: மொட்டை மாடி அறையில் நடப்பது என்ன?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். கடந்த சில மாதங்களாக மொட்டை மாடி அறையிலிருந்து வரும் கருகல் வாசனைக்குக் காரணம் நான்தான். மூன்றாவது மாடி அக்கா "மேலே என்னப்பா தீயுது?" என்று இரண்டு தடவை ஏறி வந்து பார்த்துவிட்டார்கள். அவர்களுக்குச் சொன்ன விளக்கத்தை எல்லாருக்குமே சொல்லிவிடு என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். கூடவே, சங்கம் மொத்தமாக ஹெட்லேம்ப் வாங்கலாமா என்ற பேச்சும் ஓடுகிறது. அதைப் பற்றியும் நீயே சொல்லு என்றார். இரண்டும் வேறு வேறு விஷயம்தான். ஆனால் என் அறையில் ஒன்றை விட்டால் இன்னொன்று நடக்காது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

நான் செய்வது, வெள்ளை டைல்ஸில் லேசரால் போட்டோ பதிப்பது. வேறு ஊராக இருந்தால் மரப்பலகையில் பதித்திருப்பேன். விருத்தாசலத்தில் இருந்துகொண்டு பீங்கானை விட்டுவிட்டு மரத்துக்கு ஏன் போகவேண்டும்? இங்கே செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது, பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. பியூஸ் கட்டையிலிருந்து பொம்மை, அகல் விளக்கு வரைக்கும் சூளையில் வெந்து வெளியே போகிற ஊர் இது. உங்களில் சில பேர் வீட்டிலேயே அந்த வேலை பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். நான் தப்பாகச் சொன்னால் அங்கேயே கையைத் தூக்குங்கள்.

பீங்கானில் படம் போடுவது புதிதில்லை. டெக்கால் ஒட்டி, 700, 800 டிகிரியில் மறுபடி சுட்டு எடுப்பது பழைய முறை. அதற்கு உலை வேண்டும். ஸ்டூடியோவில் போட்டுத் தரும் போட்டோ கப், போட்டோ டைல்ஸ் வேறு. அது மேலே பூசிய ஒரு பிளாஸ்டிக் பூச்சுக்குள் சுமார் 200 டிகிரி சூட்டில் சாயத்தை இறக்குவது. வீட்டுக்குள் வைத்தால் நன்றாக இருக்கும், வெயில் படும் சுவரில் வைத்தால் நாளாக நாளாக வெளுக்கும். மூன்றாவதுதான் லேசர்.

லேசர் என்றதும் ஒரு சின்னச் செய்தி. கடைகளில் மரம், அக்ரிலிக் வெட்டுகிற கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964இல் கண்டுபிடித்தவர் நம் நாட்டுக்காரர், பாராமதியில் பிறந்த குமார் படேல். புனேயில் இன்ஜினியரிங் படித்துவிட்டு அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோது செய்தார். என்னிடம் இருப்பது அந்த வகை இல்லை. நீல ஒளி டையோடு லேசர், 450 நானோமீட்டர். சின்ன மெஷின், மேஜையில் அடங்கிவிடும்.

வெறும் வெள்ளை டைல்ஸில் இந்த நீல ஒளி ஒன்றும் செய்யாது. கிளேஸ் பளபளப்பில் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்குத்தான் வரும். அதனால் டைல்ஸை நன்றாகத் துடைத்து, மேலே மேட் வெள்ளை ஸ்ப்ரே பெயின்ட் மெல்லிசாக அடிக்கிறேன். அந்தப் பெயின்டில் டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கவேண்டும். வெள்ளைப் பெயின்ட் வெள்ளையாக இருப்பதற்குக் காரணமே பெரும்பாலும் அதுதான். லேசர் பட்ட இடத்தில் அது சூட்டில் கறுத்து கிளேஸோடு ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. படாத இடத்துப் பெயின்டைத் தின்னர் போட்டுத் துடைத்தால் வந்துவிடும். கறுப்புப் புள்ளி மட்டும் நிற்கும். நகத்தால் சுரண்டினாலும் போகாது, கழுவினாலும் போகாது. மூன்றாவது மாடிக்கு வந்த வாசனை அந்தப் பெயின்ட் தீயும் வாசனை. இப்போது ஜன்னலில் எக்ஸாஸ்ட் வைத்துக் குழாயை மேல்பக்கமாகத் திருப்பிவிட்டேன். இன்னும் வந்தால் சொல்லுங்கள்.

இனி சாஃப்ட்வேர். நிறைய பேர் கேட்கிறீர்கள், "போட்டோவை உள்ளே போட்டால் அதுவே செய்துவிடுமா?" என்று. செய்யும். எப்படிச் செய்யும் என்று தெரியாமல் விட்டால் கெடுத்தும் விடும்.

நான் பயன்படுத்துவது லேசர்ஜிஆர்பிஎல். இலவசம், விண்டோஸில் ஓடும். காசு கொடுத்து வாங்கினால் லைட்பர்ன் இருக்கிறது, அதில் வசதி அதிகம். போட்டோவைச் சீர் செய்ய கிம்ப், அதுவும் இலவசம். எதை எடுத்தாலும் அடிப்படை ஒன்றுதான். டைல்ஸில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, நடுவில் சாம்பல் நிறம் கிடையாது. ஒரு புள்ளி எரிந்திருக்கும், இல்லை எரியாமல் இருக்கும். பிறகு கன்னத்தில் அந்த மென்மையான நிழல் எப்படி வருகிறது? நாளிதழில் வரும் போட்டோவை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். எல்லாம் புள்ளி. நெருக்கமாக இருந்தால் இருட்டு, கலைந்து இருந்தால் வெளிச்சம்.

எந்த இடத்தில் புள்ளி வைப்பது என்று முடிவு செய்ய பல கணக்குகள் இருக்கின்றன. அதிகம் பேசப்படுவது ஃபிளாய்டும் ஸ்டைன்பெர்க்கும் 1976இல் வெளியிட்டது. பேர்தான் பெரிசு, கணக்கு நம் மளிகைக் கடைக் கணக்கு. கடையில் சில்லறை இல்லை, பத்து ரூபாய் நோட்டு மட்டும்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு ரூபாய்க்கு சாமான் வாங்கினால் கடைக்காரர் "இருக்கட்டும், அடுத்த தடவை சேர்த்துக் கொடுங்க" என்பார். அடுத்த நாள் இன்னொரு நாலு, பாக்கி எட்டாகிறது. எட்டு பத்துக்குப் பக்கம்தானே, நோட்டை நீட்டுகிறோம். இப்போது அவர் நமக்கு இரண்டு ரூபாய் பாக்கி. அப்படித்தான் இதுவும். ஒரு புள்ளி வைக்க வேண்டிய அளவுக்கு இருட்டு இல்லையென்றால் விட்டுவிட்டு, அந்தப் பாக்கியைப் பக்கத்துப் புள்ளிக்கும் கீழ் வரிப் புள்ளிகளுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. 16இல் 7 பங்கு வலப்பக்கத்துக்கு, மீதி ஒன்பது கீழ் வரியில் மூன்று பேருக்கு. மொத்தத்தில் கணக்கு நேராகிவிடும். தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அது முகம்.

சாஃப்ட்வேரில் டிதரிங் என்று இருப்பது இதுதான். அதைத் தேர்ந்தெடுங்கள். கிரேஸ்கேல் என்று ஒன்று இருக்கும். அது லேசர் சக்தியைக் கூட்டிக் குறைத்து சாம்பல் நிறம் கொண்டுவரப் பார்க்கும். மரத்தில் ஓரளவு வரும், டைல்ஸில் திட்டுத் திட்டாகத்தான் வந்தது.

அளவையும் சொல்லிவிடுகிறேன், "ஒரு போட்டோ எத்தனை நேரம்?" என்று கேட்கிறவர்களுக்காக. 15 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் படம். வரிக்கு வரி 0.1 மில்லிமீட்டர் என்றால் 1000 வரி. ஒவ்வொரு வரியும் 15 சென்டிமீட்டர். ஆக லேசர் தலை 150 மீட்டர் நடக்கவேண்டும். நிமிடத்துக்கு 3 மீட்டர் வேகம் வைத்தால் 50 நிமிடம். வரி முடிவில் திரும்புகிற நேரத்தையும் சேர்த்தால் ஒரு மணி நேரம் என்று வையுங்கள்.

இப்போது அம்மா கதை. இதற்காகத்தான் இந்த மெஷினையே வாங்கினேன்.

எங்க அம்மாவுக்கு நல்லதாக ஒரே ஒரு போட்டோதான் இருக்கிறது. ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளை. ஓரம் பூசணம் பிடித்துவிட்டது, அது அழிவதற்குள் அழியாத ஒன்றில் ஏற்றிவிட வேண்டும் என்று ஆசை. செல்போனில் படம் எடுத்து, அப்படியே உள்ளே போட்டு, ஒரு மணி நேரம் காத்திருந்து, தின்னர் வைத்துத் துடைத்தேன். புடவைக் கரை அழகாக வந்திருந்தது. மூக்குத்தி வந்திருந்தது. முகம் முழுக்கக் கறுப்புத் திட்டு.

காரணம் இரண்டு. ஒன்று, எரிந்த புள்ளி திரையில் காட்டிய அளவிலேயே நிற்காது, சூடு கொஞ்சம் பரவி பெரிசாகும். அதனால் எந்தப் படமும் திரையில் பார்ப்பதைவிட இருட்டாகத்தான் வரும். இரண்டு, வீடியோக்களில் சொல்லித்தரும் அளவெல்லாம் பெரும்பாலும் வெளிர் நிறத்தவர் போட்டோவை வைத்துச் சொன்னது. எங்க அம்மா நல்ல கறுப்பு. நம்மில் பாதிப் பேர் அப்படித்தான். இருட்டாக வரும் மெஷினில் அந்த அளவை அப்படியே போட்டால் முகமே இல்லாமல் போகும்.

அடுத்த டைல்ஸில் வெளிச்சத்தை ஏற்றினேன். ஏற்றினேன் என்றால் தாராளமாக. அம்மா சிவப்பாகிவிட்டார்கள். தம்பி பார்த்துவிட்டு, "யாருண்ணா இது?" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது தடவை ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். பழைய போட்டோவைத் தெளிவாக்கும் ஆப் ஒன்றில் போட்டேன். கண் இமை ஒவ்வொன்றும் தெரிகிற மாதிரி வந்தது. பார்த்ததும் சந்தோஷம். அரை மணி கழித்துத்தான் உறைத்தது: இடது கன்னத்து மச்சத்தைக் காணோம். முன்பல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அதையும் அது சரிசெய்து வைத்திருந்தது. அந்த ஆப் மங்கலான இடத்தில் என்ன இருந்தது என்று கண்டுபிடிப்பதில்லை, ஆயிரக்கணக்கான மற்ற முகங்களைப் பார்த்துப் பழகி, இப்படி இருந்திருக்கும் என்று வரைந்து வைக்கிறது. கல்யாண போட்டோவுக்கு அது பரவாயில்லை என்று நீங்கள் நினைக்கலாம். இறந்தவர் போட்டோவுக்கு நான் அதைச் செய்ய மாட்டேன். நீங்களே கேட்டாலும் மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நாலாவது டைல்ஸில்தான் அம்மா வந்தார்கள். செய்தது இவ்வளவுதான். செல்போன் வேண்டாமென்று போட்டோவை ஸ்கேனரில் வைத்து 600 டிபிஐயில் எடுத்தேன். கிம்ப்பில் லெவல்ஸ் என்ற இடத்தில் மூன்று முக்கோணம் இருக்கும். கறுப்பு முனையையும் வெள்ளை முனையையும் தொடாமல் நடு முக்கோணத்தை மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினேன். கூந்தல் கறுப்பாகவே இருக்கும், புடவை வெள்ளையாகவே இருக்கும், நடு நிறமான முகம் மட்டும் திறக்கும். அதிலும் ஒரே தடவையில் முடிவு செய்யவில்லை. முகத்தை மட்டும் வெட்டி, 3 சென்டிமீட்டர் அளவில், நடு முக்கோணத்தை நாலு விதமாக வைத்து ஒரு உடைந்த டைல்ஸில் நாலு முகம் பதித்தேன். தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்றாவதைத் தொட்டான்.

உடைந்த டைல்ஸ் தொழிற்பேட்டை ஊரில் கிடைக்காமலா போகும். பெயின்ட் மாறினால், டைல்ஸ் கம்பெனி மாறினால், மறுபடி சோதனை போடவேண்டும். கிளேஸ் ஒவ்வொன்றும் ஒரு ரகம்.

பிள்ளைகள் சிலர் கீ செயின் கொண்டுவருகிறார்கள், பெயர் பதித்துக் கொடு என்று. மரமும் நிஜத் தோலும் சரி. ரெக்சின் வேண்டவே வேண்டாம். அது பெரும்பாலும் பிவிசி. லேசர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலுக்குக் கெடுதல், மெஷினையும் துருவாக்கிவிடும். எதனால் செய்தது என்று தெரியாத பிளாஸ்டிக்கையும் வாங்க மாட்டேன். மெஷின் ஓடும்போது பிள்ளைகள் கதவு தாண்டி வரக்கூடாது. என் கண்ணாடி 450 நானோமீட்டருக்கென்று எழுதி வாங்கியது. கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பார்ப்பதும் வெறுங்கண்ணால் பார்ப்பதும் ஒன்றுதான்.

இனி ஹெட்லேம்ப்.

அம்மாவின் நாலாவது டைல்ஸ் பாதிக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. மாலை நேரம், அறையில் இருட்டு. செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மெஷின் சுவிட்சை அணைக்கத் தேடினேன். முழங்கை டைல்ஸில் பட்டிருந்தால் கதை முடிந்தது. ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் முகத்தின் குறுக்கே கோடு விழும். நல்லவேளை, டைல்ஸை நான் ஒரு எல் வடிவ மரச்சட்டத்தில் முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். கரண்ட் வந்தபிறகு லேசர் தலையை மூலைக்குக் கொண்டுபோய், நின்ற வரியிலிருந்து தொடர முடிந்தது. அதற்கான வசதி சாஃப்ட்வேரில் இருக்கிறது. மறுநாளே தலையில் மாட்டும் லைட் ஒன்று வாங்கினேன்.

இரண்டு கையும் சும்மா இருக்கவேண்டிய வேலைக்கு வந்த பொருள்தான் இது. 1914இல் எடிசன் சுரங்கத் தொழிலாளிக்காகச் செய்த தொப்பி விளக்கில் பேட்டரி இடுப்பில், பல்பு தலையில். ஒரு ஷிப்ட் முழுக்க எரியும், ராத்திரி சார்ஜ் போடலாம். கோலார் தங்கவயலில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினவர்களில் நிறைய பேர் வட ஆற்காடு பக்கத்துத் தமிழர்கள். அவர்கள் தலையில் இருந்தது இந்தச் சாதிதான். இன்று நம் பக்கம் ராத்திரி மோட்டார் போடப் போகிறவர்கள் தலையில் பார்க்கிறோம்.

நமக்கு எதற்கு? 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடந்ததை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. முந்திரியும் பலாவும் சாய்ந்தது ஒரு பக்கம், கரண்ட் இல்லாமல் கிடந்த ராத்திரிகள் ஒரு பக்கம். அப்போது பல பேர் தனி வீட்டில் இருந்தோம். இப்போது மாடிப்படி இருக்கிறது. ஒரு கையில் டார்ச், ஒரு கையில் தண்ணீர்க் குடம், கைப்பிடியைப் பிடிக்க மூன்றாவது கை யாருக்கும் கிடையாது.

ஆனால் வாங்கும்போது பெட்டியில் எழுதியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் 18650 என்ற லித்தியம் செல். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், பேரே அளவுதான். நல்ல கம்பெனி செல்லில் 3000, 3500 எம்ஏஎச் இருக்கும். அதே அளவு செல்லில் 9900 என்று எழுதியிருந்தால் எழுதியவருக்குக் கை நீளம், அவ்வளவுதான். 3000 எம்ஏஎச்சை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 11 வாட் மணி. ஒரு வாட்டுக்கு 100 லூமென் வெளிச்சம் என்று வைத்தால், 100 லூமெனில் பத்து மணி நேரம் எரியும். 10,000 லூமென் என்று பெட்டியில் போட்டிருந்தால் அது ஏழு நிமிடம் கூட எரியாது. அவ்வளவு சூட்டை நெற்றியில் கட்டிக்கொள்ளவும் முடியாது. மாடிப்படிக்கு 100 லூமென் போதும். எரியும் நேரம் என்று போடுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. உலகத்தில் பரவலாகப் பின்பற்றும் அளவுகோல்படி, வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்கும் எரியும் நேரம்தான் அது. கடைசி மணி நேரத்தில் மின்மினிப் பூச்சி அளவுதான் இருக்கும்.

நான் சங்கத்துக்குச் சொல்லும் யோசனை: ஒரு பீஸ் மட்டும் வாங்கி, முழு சார்ஜ் போட்டு, நடு வெளிச்சத்தில் எரியவிட்டு கடிகாரம் வைத்துப் பார்ப்போம். தேறினால் மொத்த ஆர்டர். சார்ஜ் முனை டைப்-சி ஆக இருக்கட்டும், எல்லார் வீட்டு சார்ஜரும் பொருந்தும். செல்லைக் கழற்றி மாற்ற முடிகிற மாதிரி இருந்தால் நல்லது. சிவப்பு லைட் இருந்தால் கூடுதல் லாபம், ராத்திரி பிள்ளைகளை எழுப்பாமல் நடக்கலாம்.

எனக்கு அது இன்னொரு வேலையும் செய்கிறது. பெயின்ட் அடித்த டைல்ஸை மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளை. ஹெட்லேம்ப்பைக் கழற்றி டைல்ஸுக்குப் பக்கத்தில், அதே மட்டத்தில் படுக்க வைத்தால், தடித்த இடமும் கிளேஸில் இருக்கும் ஊசித்துளையும் நிழல் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். பீங்கான் வேலை பார்த்தவர்கள் தலையாட்டுகிறீர்கள், உங்களுக்கு இது தெரிந்ததுதான்.

சார்ஜ் போடுவது பற்றி ஒரு வேண்டுகோள். மெத்தை மேலும், மாடிப்படிக்குக் கீழே மீட்டர் போர்டு பக்கத்திலும் வேண்டாம். அவசரத்தில் எல்லாரும் இறங்கும் வழி அது. தரையில் அல்லது டைல்ஸ் மேடையில் வைத்து, விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள். செல் உப்பினாலோ, தொட்டால் சுட்டாலோ நிறுத்திவிடுங்கள். பழைய செல்லைக் குப்பை வண்டியில் போடாதீர்கள், வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி தயாரிப்பாளர்கள் திரும்பப் பெற ஏற்பாடு செய்யவேண்டும். நாம் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்தால் மொத்தமாகக் கொடுக்கலாம். டப்பா நான் தருகிறேன், மண் போட்ட பீங்கான் ஜாடி. செல்லின் இரண்டு முனையிலும் டேப் ஒட்டிப் போடுங்கள்.

அலமாரியில் வைத்தால் சார்ஜ் மெல்ல இறங்கும். நம் இதழ் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருகிறதல்லவா, வந்த அன்றைக்கு எடுத்து ஒரு தடவை எரியவிட்டுப் பார்த்து சார்ஜ் போட்டுவிடுங்கள்.

போட்டோ பதிக்க விரும்புகிறவர்கள் மாதத்தில் இரண்டாவது ஞாயிறு காலை வாருங்கள். மெஷினை அன்றைக்கு மட்டும், பத்து மணிக்கு மேல்தான் ஓட்டுவேன். கீழே துணி காயப்போடுகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறேன். வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். அச்சுப் போட்டோவையே கொண்டுவாருங்கள், உங்கள் கண் முன்னால் ஸ்கேன் செய்து உடனே திருப்பித் தருகிறேன். அந்த முகத்தை நன்றாகத் தெரிந்த ஒருவர் கூட வரவேண்டும். நாலு சின்ன முகம் பதித்துக் காட்டுவேன், எது என்று அவர்தான் தொட்டுக் காட்டவேண்டும்.